விசையில் இல்லாத விரல்

மான் சுடப் பழகப் போகிறேன் என்று மகள் சொன்னதும் நான் அவளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டேன். காட்டுப் பராமரிப்பு வேலைக்கு அது தெரிந்திருக்க வேண்டுமாம். "ஒருக்கா வந்துதான் பாருங்கோவன், அம்மா" என்று கெஞ்சி, ஒரு சனிக்கிழமை, நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியிருக்கும் ரெய்னர்ஸ் லேனிலிருந்து துவக்குச் சுடும் பயிற்சித் திடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

மேசையில் துவக்கை வைத்துத் தோட்டாவைப் போட்டு மூடினாள். அந்தக் கணமே வெடித்தது. நான் குப்புற விழுந்து தலையைப் பொத்திக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பழகிய உடம்பு, என்னைக் கேட்காமலே விழுந்துவிட்டது.

நிமிர்ந்து பார்த்தால் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. குழல் எதிரே இருந்த மண்மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மகளின் விரல் விசைக்கு வெளியே நேராக நீண்டிருந்தது.

"நான் விசையைத் தொடவே இல்லை, அம்மா. அது பழுது" என்றாள். குரல் நடுங்கியது. துவக்கு அசையவில்லை.

"ஆராவது செத்திருந்தா?"

"அதுக்குத்தான் ஒருநாளும் ஆக்களுக்கு நேரே பிடிக்கிறேல்லை. விசையை நம்பக்கூடாது எண்டதுதான் முதல் பாடம்."

பயிற்சியாளர் துவக்கை வாங்கி, திருத்தக் கொடுக்க ஒதுக்கிவைத்தார். பிறகு வந்து எனக்குக் கைகொடுத்து எழுப்பினார்.

ஊரில், சோதனைச் சாவடியில், விசையில் விரலை வைத்து என் நெஞ்சுக்கு நேரே நீட்டிக்கொண்டுதான் பெயர் கேட்டார்கள். துவக்கை அப்படித்தான் பிடிப்பார்கள் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"இனி வரமாட்டியள், என்ன?" என்று காரில் ஏறியதும் கேட்டாள்.

"வாறன்" என்றேன். அவள் காரை எடுக்க முதல், வலக்கையை இழுத்து அந்தச் சுட்டுவிரலுக்கு ஒரு முத்தம் கொடுத்தேன்.