ஆடுகளின் பெயர்

எங்கள் குருநகர்க் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பங்குக் குருவாக அந்தச் சுவாமி வந்தபோது நான் பிறந்திருக்கவில்லை. மீன்பிடி வள்ளங்கள் வரும் நேரம் கடற்கரையில் நிற்பார். இறங்குகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கதைப்பார். நல்ல ஆயன் தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைப்பான் என்று அவர் பிரசங்கம் வைத்தால் எங்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் அவருக்கு மறதி தொடங்கியது. பூசையில் ஒரே செபத்தை இரண்டு தரம் சொன்னார். நடக்கவிருக்கும் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசிக்கும்போது மாப்பிள்ளைக்குப் பதிலாகத் தகப்பனின் பெயரை வாசித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

என் அக்கா நெருப்புக்காய்ச்சலில் இறந்து அப்போது சில வருடங்கள் ஆகியிருந்தன. அவளை அடக்கம் செய்தவரும் அவர்தான். ஒரு ஞாயிறு பூசை முடிந்து அம்மாவும் நானும் வெளியே வர, அவர் என் தலையில் கைவைத்து அக்காவின் பெயரைச் சொன்னார்.

"நல்லா வளந்திட்டாய். எங்கை உன்ரை தங்கச்சி, பூசைக்கு வரேல்லையோ?"

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவள் வீட்டை நிக்கிறாள் சுவாமி" என்றார்.

வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்குள் வந்ததும் கேட்டேன். "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?"

"உண்மையைச் சொன்னால் சுவாமி அழுவார். பிறகு மறந்துபோய் அடுத்த கிழமையும் கேப்பார். திரும்பவும் அழுவார். நாங்கள் அழுததே காணும்."

அதற்குப் பிறகு ஞாயிறுகளில் நான் அக்காவாக நின்றேன். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் யாரும் அவளுடைய பெயரைச் சொல்வதில்லை. அதைக் கேட்பதற்காகவே அம்மா சுவாமியின் அருகில் சுணங்கி நின்றார் என்று நினைக்கிறேன்.

சுவாமியை ஓய்வு இல்லத்துக்கு அனுப்ப மேலிடம் சொன்னபோது, "சுவாமியை நாங்கள் பாப்பம்" என்று ஊரவர்கள் மறித்தார்கள். ஆனால் ஒரு விடியற்காலை அவர் அங்கியோடு இடுப்பளவு கடலில் நின்று, முந்தைய ஒரு புயலில் திரும்பி வராதவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கரைக்குத் தூக்கிவந்தவர்கள் அதன்பின் மறிக்கவில்லை.

கார் வந்த அன்று கோயில் வாசலில் சனம் நிறைந்து அழுதது. சுவாமி கலங்கிப்போய் அம்மாவைப் பார்த்தார்.

"பிள்ளை, ஆர் செத்தது? அடக்கத்துக்கு நான் வரவேணுமே."

"ஒருத்தரும் இல்லை சுவாமி. நீங்கள் போயிட்டு வாங்கோ."

அந்த வருட மாரி மழை தொடங்க முன்னரே அவர் இறந்துவிட்டார். அடக்கத்துக்குக் குருநகர்ச் சனம் பஸ் பிடித்துப் போனது. அம்மா போகவில்லை. அடுப்பும் மூட்டாமல், அக்காவை அடக்கம் செய்த அன்றுபோலவே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.