எஞ்சினுக்குப் போர்த்திய கம்பளி

எண்பதுகளில் அதியமான்கோட்டையில் எங்களுக்கு இருந்தது ஒரு பழைய லாரியும் ஒரே ஒரு கம்பளியும்தான். மார்கழிக் குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும். காலையில் அது இளகும்வரை லாரி நின்ற இடத்திலேயே டீசலைக் குடிக்கும். அதனால் என் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தியதும், சூடு ஆறாமல் இருக்க, கம்பளியை எஞ்சினுக்குப் போர்த்திவிடுவார்.

"நீங்க லாரியவே கட்டிக்கிட்டிருக்கலாமுங்க" என்று எரிந்து விழுவேன்.

ஒருமுறை எனக்குக் காய்ச்சல். விடியற்காலையில் விழித்தபோது, ஆயில் நாற்றத்தோடு கம்பளி என்மேல் கிடந்தது.

"வண்டிக்கு என்னங்க பண்றது?" என்றேன்.

"டீசல் குடிச்சா குடிக்கட்டும். நீ படு."

வெளியே லாரி வெகுநேரம் நின்றபடியே உறுமியது. அந்தச் சத்தத்தில் நான் நன்றாகத் தூங்கிப்போனேன்.