குழல்வாயில் சந்தனம்

ஏட்டு செல்லையா காலமாகிவிட்டார் என்று திருவரங்குளம் பஸ் கண்டக்டர் சொன்னபோது நான் டீக்கடையில் நின்றிருந்தேன். "யாரு, ஆயுதக் கிடங்கு செல்லையாவா?" என்று இரண்டு முறை கேட்டேன். "அவருதாங்க. விடியக்காலையில போயிட்டாருங்க" என்றார். டீயை அப்படியே வைத்துவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன். போலீசில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒப்பாரி வைக்கப் போவதில்லை. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் பரபரப்புதான் வருகிறது.

நம் ரைபிள்களைச் சுத்தமாக வைத்திருப்பது அவர் பொறுப்பு. குழலுக்குள் கயிறு விட்டுத் துடைக்கும்போது அது வாய்விளிம்பில் உரசிவிட்டால் போதும், "கெணத்துல தண்ணியா எறைக்கிற? நேரா இழுய்யா" என்பார். இரும்புக் கம்பியால் குழலைக் குடைந்த ஒருவரிடமிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு, "ஒன் காதை இதால கொடைவியா? பித்தளைக் கம்பி எதுக்கு இருக்கு?" என்று கேட்டார். அந்த ஆள் அதற்குப் பிறகு இரும்பைத் தொடவே இல்லை.

திருச்சியில் நடக்கும் துப்பாக்கி சுடும் போட்டிக்கான அணியில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்த வருஷம் அது. அதற்கு நானும் இன்னொருவரும் போட்டி. விஜயதசமிக் காலையில் தேர்வு. எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு எல்லோரும் ரைபிள் கட்டையில் பொட்டு வைத்தார்கள். எனக்கோ பக்தி முற்றிவிட்டது. குண்டு புறப்படும் இடமாயிற்றே என்று குழல்வாய்க்குள்ளேயே சந்தனத்தை அப்பினேன்.

காலையில் வெளிப்பொட்டை மட்டும் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். செல்லையா வாசலில் மறித்தார்.

"கயிறு போகாம ஒரு ரைபிளும் வெளிய போகாது."

"நேரமாச்சுண்ணே, விடுங்கண்ணே."

"நேரம் கெடக்கட்டும்."

நுனியில் பித்தளை எடை கட்டிய கயிற்றைப் பின்பக்கமாக உள்ளே விட்டார். அது வாய்க்கு வரவில்லை. காய்ந்த சந்தனம் அடைத்திருந்தது. என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இப்படியே சுட்டிருந்தா கொழல் பொளந்து ஒன் மூஞ்சி போயிருக்கும்."

வெந்நீர் ஊற்றி ஊறவைத்தார். பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளினார். பிளானல் துணியை மாற்றி மாற்றி இழுத்தார். மைதானத்தில் விசில் ஊதிவிட்டார்கள். இன்ஸ்பெக்டரே தேடி வந்து, "என்னய்யா தாமதம்?" என்றார். உண்மை தெரிந்திருந்தால் அணியில் இடம் என்ன, என் வேலையே போயிருக்கும். நான் வாயைத் திறக்கவில்லை. செல்லையா விறைப்பாக நின்றார். "என் தப்புதாங்கய்யா. நேத்தே தொடைச்சு வைக்காம விட்டுட்டேன்." கடைசித் துணி வெள்ளையாக வந்தது. எண்ணெய் இல்லாமல் குழலை உலர்த்தி, வெளிச்சத்தில் ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஓடு" என்றார்.

ஓடினேன். அடேயப்பா, அன்றைக்குச் சுட்ட சுகம்! பத்துக் குண்டில் எட்டு வரை இருவரும் சமம். ஒன்பதாவதில் மற்றவர் தவறவிட்டார். பத்தாவதை நான் நடுவில் போட்டேன். குண்டு பட்ட இடத்தைக் காட்ட இலக்குப் பலகைக்குக் கீழே பள்ளத்தில் இருந்தவர் நீளக் கம்பால் நடு வட்டத்தைத் தொட்டுக் காட்டியபோது எகிறிக் குதித்தேன். இதை எழுதும்போதும் விரல் துடிக்கிறது.

செல்லையாவுக்குக் கூடுதல் டிரில் கொடுத்தார்கள். 'கவனக்குறைவு' என்று பதிவேட்டில் எழுதினார்கள். பதவி உயர்வு தள்ளிப்போயிற்று. நாமெல்லாம் அவரை 'ஆமை ஏட்டு' என்று கேலி செய்தோம். நானும் சேர்ந்து சிரித்தேன். "ஏண்ணே உண்மையச் சொல்லல?" என்று ஒரு நாள் தனியாகக் கேட்டேன். "என் கெடங்குல இருந்த ரைபிள்தானய்யா. நேத்தே நான் பாத்திருக்கணும்ல" என்றார்.

திருச்சியில் வாங்கிய கோப்பை என்னிடம் இருக்கிறது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். அவர் உயிரோடு இருந்தவரை உங்களிடம் ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தச் சந்தனத்தை வைத்தவன் நான்.