ஊமை டெலிபோனுக்குச் சூடம்

இன்று காலையிலிருந்து ஈப்போ வீட்டில் இன்டர்நெட் இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டால் பாட்டுதான் கேட்கிறது. மாதக் கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

எண்பதுகளில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு டெலிபோனும் இப்படித்தான் மாதக்கணக்கில் ஊமையாகக் கிடந்தது. மாறலாமென்றால், வேறு கம்பெனியே கிடையாது.

ஆயுத பூஜையன்று அம்மா அதற்கும் சந்தனப் பொட்டு வைத்துச் சூடம் காட்டினார்.

“செத்த போனுக்கு எதுக்கும்மா?” என்றேன்.

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது!

எங்களுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்பா தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனை எடுத்தார்.

மறுமுனையில், கம்பத்தில் ஏறியிருந்த லைன்மேன்: “அண்ணே, லைன் கேக்குதா?”

“கேக்குது சாமி” என்றார் அப்பா.

இப்போது என் மோடத்துக்கும் பொட்டு வைத்தாயிற்று. சூடம்தான் இல்லை. பக்கத்துல இருக்கிறவங்க யாராச்சும் கொண்டாங்க லா!