படகில் வைத்துச் சொல்ல நினைத்தது

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரும் இல்லை. இருப்பது எழுபத்திரண்டு வயது அப்பா மட்டும். ஆனாலும் கார்த்திகை மாதத்தில் விடிந்ததும் அவர் டிவியில் தேடுவது ஒரே செய்தியைத்தான்: திருவள்ளூர் மாவட்டத்துக்கு இன்று மழை லீவா, இல்லையா. லீவு என்றால் மொட்டை மாடியில் துணி காயப்போடுவார். இல்லை என்றால் குடையை எடுத்து வாசல் கம்பியில் மாட்டுவார். கனடாவிலிருந்து இரண்டு வார விடுப்பில் வந்திருந்த நான், கைபேசியில் மூன்று வானிலைச் செயலிகளைத் திறந்துவைத்துக்கொண்டு இந்த மூடநம்பிக்கையை அனுதாபத்தோடு பார்த்தேன். முதல் நான்கு நாளும் அப்பாதான் ஜெயித்தார்.

நான் வந்த காரியம் வேறு. அம்மா போனபிறகு பட்டாபிராமில், ஒரு தாழ்வான மனைப்பிரிவில், அப்பா தனியாக இருக்கிறார். அவரை என்னோடு வின்னிபெக்குக்கு அழைத்துப் போய்விட வேண்டும். ஃபோனில் பேச்சை எடுத்தால் பால்காரர் வந்துவிட்டார் என்று வைத்துவிடுவார். அந்தப் பால்காரர் ஒரு நாளைக்கு ஆறு முறை வருவார். நேரில் எடுத்தால் எழுந்து மாடிக்குப் போய்விடுவார். வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு ஊரில் பெற்றோரை வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தப் பால்காரரைத் தெரிந்திருக்கும். எனக்கு அப்பா எழுந்து போக முடியாத ஓர் இடம் தேவைப்பட்டது. அதற்குத்தான் படகு.

இந்த யோசனை என் சொந்தச் சரக்கு அல்ல, என் மேலாளர் டேவ் என்பவரிடம் கற்றது. அங்கே அக்டோபரில், ஏரி உறைவதற்குமுன், கடைசியாக ஒருமுறை மீன் பிடிக்கப் போவார்கள். ஒரு சனிக்கிழமைக்காக டேவ் பத்து நாள் திட்டம் போட்டார். காற்றின் வேகம், தண்ணீரின் குளிர், மாற்றுத் தேதி, அந்த மாற்றுத் தேதிக்கும் ஒரு மாற்றுத் தேதி. இவ்வளவு திட்டத்தில் எங்கள் பக்கம் கல்யாணத்தை முடித்து வளைகாப்புக்குப் பத்திரிகையும் அடித்திருப்பார்கள். மழை வந்தால் என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். நனையலாம் என்றேன். பெரிய நகைச்சுவை என்று நினைத்து ஆபீஸ் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். நான் நிஜமாகத்தான் சொன்னேன். அந்தச் சனிக்கிழமை என்னை எதிரே உட்காரவைத்து, நடு ஏரியில் டேவ் இரண்டு மணி நேரம் வாயைத் திறக்காமல் தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எங்கள் பிரிவை மூடப்போகிறார்கள் என்ற செய்தியை மெதுவாகச் சொன்னார். கோபம் தலைக்கேறியது. ஏறி என்ன செய்ய? சுற்றிலும் ஐஸ் தண்ணீர். கடைசிவரை உட்கார்ந்து கேட்டேன்.

ஆகவே ஊருக்கு வந்ததும் பாஸ்கரைப் பிடித்தேன். அப்பா வேலை பார்த்த ஃபாக்டரியின் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவன், இப்போது ஆவடியில் பைக் மெக்கானிக். பருத்திப்பட்டு ஏரியில் மிதிபடகு இருக்கிறதே என்றான். காதல் ஜோடிகளுக்கு நடுவில் அப்பாவை உட்காரவைத்து, மூச்சுவாங்க மிதித்துக்கொண்டே, வீட்டை விட்டு வருகிறீர்களா என்று கேட்பதை நினைத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றேன். நசரத்பேட்டைக்கு உள்ளே ஓர் ஏரியில் அவன் மச்சினன் மீன் குத்தகை எடுத்திருந்தான். அவனிடம் ஒரு ஃபைபர் படகு இருந்தது. ஆனால் ஏரி நிரம்பி வழிய ஆரம்பித்தால் படகைக் கட்டிப்போட்டுவிடுவான். சீசன் முடிய ஒரு வாரம்தான் என்று கணக்கு. அப்பாவிடம் மீன் பிடிக்கப் போகலாமா என்று கேட்டதற்கு, சந்தேகமே படாமல் சரி என்றார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மடிக்கணினியில் மழை வாய்ப்பை மணிவாரியாக அட்டவணை போட்டேன். பாஸ்கர் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மச்சான் இது, பரிச்ச டைம்டேபிளா? நீ ஒண்ணியும் பாக்காத. லீவு உட்ட அன்னிக்குப் போவலாம். லீவு உட்டா வெயிலு கியாரண்டி."

படித்தவன் இதையெல்லாம் கேட்பானா? செயலி சொன்ன செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கொட்டித் தீர்த்தது. புதன்கிழமையும் செயலிதான் சொன்னது. அன்றைக்கும் அப்படியே. வியாழன் இரவு, மறுநாள் லீவு என்று டிவியில் ஓடியதும் என் கனடா அறிவை மூட்டை கட்டிவைத்துவிட்டு, நாளைக்கே போகலாம் என்று பாஸ்கருக்குச் செய்தி அனுப்பினேன். அப்பா காலையிலேயே எழுந்து புளிசாதம் கிளறி டிபன் கேரியரில் அடைத்தார். எத்தனையோ வருஷமாக லீவையும் மழையையும் சேரவிடாமல் பார்த்துக்கொண்ட வருணபகவான், நான் நம்பிய அன்றைக்குப் பார்த்து இரண்டையும் சேர்த்துவைத்தார்.

எட்டு மணிக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். பத்து மணிக்கு வீட்டுக்குள் வந்துவிட்டது. அப்பா பதறவில்லை. பத்திரங்களைப் பரண்மேல் ஏற்றினார், கேஸ் சிலிண்டரைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டினார், மெயின் சுவிட்சை அணைத்தார். எதை எந்த வரிசையில் செய்யவேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் குறுக்கே குறுக்கே நின்றுகொண்டிருந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், ஏரிக்குப் போகலாம் என்று கிளம்பி வந்த பாஸ்கர் இடுப்பளவு நீரில் ஒரு பழைய கொசுவலையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நிற்கிறான். வலைக்குள் ஐந்தாறு ஜிலேபிக் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. ஏரிக்கு நாம் போகாவிட்டால் என்ன, அதுவே வந்திருக்கிறது என்று அங்கிருந்தே கத்தினான். நான் சூட்கேஸில் சுமந்துவந்த மடக்குத் தூண்டில் உறை பிரிக்காமல் கிடந்தது.

மதியம் ரப்பர் படகு வந்தது. நாலு பேர், பேட்டைத் தன்னார்வலர்கள். அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பூட்டையே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே நான். சுற்றிலும் தண்ணீர், யாரும் எழுந்து போக முடியாது. டேவ் பத்து நாள் யோசித்தாலும் இப்படி ஓர் ஏற்பாடு செய்திருக்க முடியாது. நான் தொண்டையைச் செருமினேன்.

அதற்குள் முன்னால் இருந்தவர் ஒரு நோட்டை விரித்தார். முகாமில் இடம் ஒதுக்கப் பேர் எழுத வேண்டுமாம்.

"பெரியவரே, ஊட்ல எத்தினி பேரு கீறீங்க?"

"ஒருத்தன்."

"அப்ப இவுரு?"

"இவன் என் பையன். ஊர்லேந்து வந்திருக்கான். அடுத்த வாரம் போயிடுவான்."

கேஸ் சிலிண்டர் போடுபவரிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். வலித்தது. இத்தனை நாளாக நான் ஒத்திகை பார்த்த கேள்விக்கு, கேட்காமலேயே பதில் வந்துவிட்டது. அப்பா கையை நீட்டி என் சட்டையைப் பிடித்து, ஓரமாகச் சாயாதே என்றார்.

நோட்டுக்காரர் நல்ல மனிதர். என்னை விட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "சார், உங்க ஊடு எங்க கீது?" என்று கேட்டார்.

இதோ என்று வீடு இருந்த பக்கம் கையை நீட்டினேன். அதற்குள் படகு தெருமுனையில் திரும்பிவிட்டிருந்தது. என் விரல் யாருடையதோ ஒரு சுற்றுச்சுவரைக் காட்டிக்கொண்டிருந்தது.