கனம் பார்த்து வாங்கிய ஈயச்சொம்பு

முதலில் கெட்டது வாய்.

2006-ஆம் வருடம் பங்குனி வாக்கில் ஒரு காலை, பல் துலக்கி முடித்த பிறகும் நாக்கின் மேல் பழைய பத்துப் பைசாவை வைத்துக்கொண்டிருப்பது போல ஒரு ருசி. காபி குடித்தால் காபியில் பைசா. இட்லி தின்றால் இட்லியில் பைசா. ஒரு வாரத்தில் சோறு வேகும் வாசனை வந்தாலே குமட்ட ஆரம்பித்தது. தட்டின் முன்னால் உட்கார்ந்து, செத்த எலியைப் பார்ப்பது போலச் சாம்பாரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் மனைவி பாண்டியம்மாள் இதைத் தன் கைப்பக்குவத்தின் மீது போடப்பட்ட குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டாள். "இருபத்தாறு வருசமா இனிச்சது இப்பத்தான் கசக்குதாக்கும்" என்றாள்.

அப்போது எனக்கு ஐம்பது வயது. தேனியில் வீடு, பெரியகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் மேஜை. பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுகிறவன் என்று சொல்லிக்கொள்வேன். பத்திரிகைகள் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

நோயைச் சொல்வதற்கு முன் என் சின்னச் சந்தோஷங்களைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நோய் அந்த வழியாகத்தான் வந்தது. மொட்டைமாடியில் எனக்கு ஒரு தோட்டம் இருந்தது. பெயிண்ட் வாளியில் தக்காளி, எண்ணெய் டின்னில் கொத்தமல்லி, உடைந்த பக்கெட்டில் புதினா, கைப்பிடி போன குண்டானில் சிறுகீரை. ஞாயிற்றுக்கிழமைகளில் போடி, கம்பம் என்று பழைய சாமான் கடைகளைச் சுற்றுவேன். மலைமேல் ஏலத்தோட்டத்துப் பங்களாக்களைக் காலி செய்யும்போது கழித்துக்கட்டும் பீங்கான்கள் அங்கேதான் வந்து இறங்கும். விளிம்பில் ரோஜாப்பூ போட்ட தட்டுகள், ஜோடியில்லாத சாஸர்கள், காது உடைந்த கோப்பைகள். ஒவ்வொன்றையும் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன்.

பாண்டியம்மாள் அவற்றைக் கையால் தொட மாட்டாள். "எவ எவ எச்சி வச்ச தட்டோ. அடுப்பங்கரைக்குக் கொண்டாராதீக" என்பாள். அருவருப்பு என்பது பெரும்பாலும் அறியாமைதான் என்று நான் அவளுக்கு விளக்கியிருக்கிறேன். நிறையப் படித்தவன் அல்லவா. கொதிக்கிற தண்ணீரில் போட்டால் எச்சில் போய்விடும் என்றேன். "ஒங்களுக்குப் போகும். எனக்குப் போகாது" என்றாள்.

முந்தின ஐப்பசியில் போடிக் கடையில் அந்த ஈயச்சொம்பைப் பார்த்தேன். தெரியாதவர்களுக்காக: இது ரசத்துக்கென்றே இருக்கும் பாத்திரம். வெள்ளீயத்தில் செய்வார்கள். புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பில் வைக்க வேண்டும், வெறும் சொம்பை வைத்தால் உருகிவிடும். இதில் வைக்கிற ரசத்துக்கு ஒரு தனி ருசி என்று நம் ஆட்கள் சத்தியம் செய்வார்கள்.

"தூக்கிப் பாருங்க சார்" என்றார் கடைக்காரர். தூக்கினேன். கை இறங்கியது. "இந்தக் கனத்துல இன்னைக்கு எவன் சார் செய்றான்?"

யாரும் செய்வதில்லை என்று நானும் ஒப்புக்கொண்டேன். கனம்தான் அந்தக் காலத்து நேர்மை என்று பேருந்தில் வரும்போதே ஒரு கட்டுரைக்கு ஆரம்பம்கூட யோசித்துவிட்டேன்.

பாண்டியம்மாள் அதைத் தொடாததால் ரசம் என் இலாகா ஆனது. மாடித் தக்காளியை நானே பறிப்பேன், நானே பிசைவேன், நானே கொதிக்க விடுவேன். மிஞ்சியதைச் சொம்பிலேயே மூடி வைத்து மறுநாளும் குடிப்பேன், ஊறினால் ருசி கூடும் என்று. வாய் கெட்ட பிறகு எனக்கு இறங்கியது அந்த ரசம் ஒன்றுதான். எவ்வளவு குமட்டியதோ அவ்வளவு ரசம் குடித்தேன்.

சித்திரையில் வயிற்றுவலி. சாதாரண வலி இல்லை. குடலை யாரோ ஈரத்துணி பிழிவது போலப் பிழியும். கூடவே மலச்சிக்கல். ஐந்து நாள், ஆறு நாள். இதைப் பற்றிக் கண்ணியமாக எழுத ஒரு வழியும் இல்லை. அலுவலகத்தில் ஆளாளுக்கு ஒரு பழத்தைச் சிபாரிசு செய்தார்கள். என் குடல் ஊர்ப்பொது விவகாரமானது.

தேனியில் முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாமவர் அல்சர் (இரைப்பைப் புண்) என்றார். எண்டோஸ்கோப்பி (வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது) செய்தார்கள். புண் இல்லை. மூன்றாமவர் இரத்தச்சோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார். ஏற்கெனவே அடைத்திருந்த இடத்துக்கு அது ஒரு பூட்டும் போட்டது. இப்படியே ஐந்து மாதம். பேனா பிடித்தால் மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது.

ஆவணியில் எங்கள் ஒரே மகள் மீனா, ஏழாம் மாத வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். எதைத் தின்றாலும் நெஞ்சு கரிக்கிறது என்றாள். "அப்பா, ஒங்க ரசம் இருந்தா ஒரு டம்ளர் ஊத்துங்க." ஊற்றினேன். தினமும் ஊற்றினேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர், சாயங்காலம் ஒரு டம்ளர். வீட்டில் வாய் செத்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேருக்கும் நான்தான் வைத்தியன்.

புரட்டாசியில் மதுரையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். வயதில் சின்ன டாக்டரம்மா. என் உதட்டைத் தூக்கி ஈறில் டார்ச் அடித்துப் பார்த்தார். பல்லை ஒட்டி ஒரு நீலக்கோடு ஓடுகிறது என்றார்.

"பேட்டரி கம்பெனியில வேலை பார்க்கறீங்களா?"

"இல்லை, தாலுகா ஆபீஸ்."

இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார். காரீய (லெட்) நஞ்சாக இருக்கலாம், வீட்டில் சமையலுக்குப் புழங்கும் பழைய சாமான் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள் என்றார். இரத்தத்தில் காரீயம்தான் என்று முடிவு வந்த அன்று நானும் பாண்டியம்மாளும் இரண்டு பை நிறையக் கொண்டுபோனோம். பெயிண்ட் வாளியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். டாக்டரம்மா வாளியை ஓரமாக வைத்தார், ரோஜாப்பூத் தட்டைத் திருப்பிப் பார்த்தார், பிறகு சொம்பைத் தூக்கினார். அவர் கையும் இறங்கியது. மருந்துச் சீட்டின் முதுகில் அதன் அடிப்பாகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கறுப்பாக, தெளிவாக, பென்சில் கோடு.

"இத வச்சு நீங்க கட்டுரையே எழுதலாம் சார்."

வெள்ளீயம் இவ்வளவு கனக்காது, இது காரீயம் கலந்த சொம்பு என்றார். புளி அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து ரசத்தில் இறக்கியிருக்கிறது. பதினோரு மாதமாக நான் காரீயத்தைக் குடித்து, அதனால் வந்த குமட்டலுக்கு மருந்தாக மேலும் காரீயத்தைக் குடித்திருக்கிறேன்.

"இதுல வேற யாராவது சாப்பிட்டீங்களா?"

பாண்டியம்மாள் சொன்னாள். "நான் தொட்டதில்ல. எம்மக குடிச்சிருக்கா. இப்ப எட்டாம் மாசம்."

டாக்டரம்மா பேனாவை மூடி மேஜையில் வைத்தார். நான் அந்த மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரீயம் தாயின் இரத்தத்திலிருந்து பிள்ளைக்குப் போகும், வளர்கிற மூளையைத்தான் முதலில் தொடும் என்று சொன்னார். குரலை உயர்த்தாமல் சொன்னார். எத்தனை நாள் குடித்தாள் என்று கேட்டார். முப்பத்தைந்து நாள். அது மட்டும் எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மீனாவிடம் சொன்னேன். வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டாள். "நாந்தானப்பா கேட்டு வாங்கிக் குடிச்சேன்" என்றாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மேல் எனக்கு வந்த அருவருப்பில் எந்தச் சாம்பாரும் சம்பந்தப்படவில்லை.

மாப்பிள்ளை வீட்டுக்கும் சொன்னோம். "நல்லவேள, நாங்க பழசு எதும் வாங்குறதில்ல" என்றார் சம்பந்தியம்மா.

எனக்குக் கீலேஷன் (உடம்பில் தங்கிய உலோகத்தை மருந்து பிடித்துச் சிறுநீரோடு இறக்குவது) தொடங்கியது. மாத்திரை டப்பாவைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். இரண்டு நாளில் என் வியர்வையும் அதே நாற்றம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் ஜன்னலைத் திறந்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு எழுந்து போய் நின்றுகொண்டார். மீனாவுக்கு அந்த மருந்து தரவில்லை. சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும்தான். மிச்சம் காத்திருப்பது என்றார்கள்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடியிலிருந்து இரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நான் குழந்தையைத் தூக்கவில்லை. இருக்கக் கூடாதது கொஞ்சம் இருக்கிறது, நிறைய இல்லை, தாய்ப்பால் கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. பிறகு, "பேச்சு, கவனம் ரெண்டையும் பள்ளிக்கூடம் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும். வருசா வருசம் கூட்டிட்டு வாங்க" என்றார். சொம்பை அவரே வாங்கி வைத்துக்கொண்டார், மருத்துவ மாணவர்களுக்குக் காட்ட. என் சேகரிப்பில் கல்லூரி வரை போனது அது ஒன்றுதான்.

இதைப் படிக்கிற யார் வீட்டிலாவது கனமான பழைய ஈயச்சொம்பு இருந்தால், வெள்ளைக் காகிதத்தில் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். கோடு விழவில்லை என்றாலும் நம்பிவிடாதீர்கள். கலப்பு குறைவாக இருந்தால் கோடு விழாது, விஷம் விழும். காரணம் தெரியாத வயிற்றுவலி என்றால் டாக்டரிடம் நாக்கோடு அடுக்களையையும் காட்டுங்கள்.

எனக்கு மணிக்கட்டு நிமிர ஒரு வருடம் ஆயிற்று. பைசா ருசி அதற்கு முன்பே போய்விட்டது. ஆனால் போனது இரத்தத்திலிருந்துதான். காரீயம் எலும்பில் போய் உட்கார்ந்துகொள்ளும், அங்கிருந்து கசிந்து வெளியேறப் பல வருடங்கள் ஆகும் என்கிறார்கள். முன்பெல்லாம் என் உடம்பை நான் குடியிருக்கும் வீடாக நினைத்திருந்தேன். இப்போது ஒரு கிட்டங்கி மாதிரி இருக்கிறது, அதுவும் ஆபத்தான சரக்கு இறக்கிய கிட்டங்கி. என் அஸ்தியைச் சுருளி அருவியில் கரைக்க வேண்டாம் என்று பாண்டியம்மாளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். கீழே ஆட்கள் குளிக்கிறார்கள்.

காலத்தை எண்ணும் விதமும் மாறிவிட்டது. மற்ற தாத்தாக்களுக்குப் பேத்தி தவழ்ந்தாள், நடந்தாள் என்பது செய்தி. எனக்கு அது பரிசோதனை முடிவு. ஒன்றரை வயதில் அவளிடம் மூன்று சொற்கள்தான் இருந்தன. இரண்டு வயதில் ஏழு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் தலையாட்டிவிட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

போன மாசியில் மீனா பேத்தியோடு வந்திருந்தாள். குழந்தைக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. அப்போதும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசியதில்லை. மத்தியானம் மீனா துணி காயப்போட மாடிக்குப் போனாள். பருப்புச் சோற்றில் நான் வளர்த்த சிறுகீரையை மசித்து, ஒரு வாய் ஊட்டினேன். மாடியில் இப்போது மண்தொட்டிகள் மட்டும்தான்.

மென்றாள். முகம் கோணியது. என் உள்ளங்கையிலேயே துப்பினாள். பிறகு, அலுவலகத்தில் மனுவைத் திருப்பித் தருகிறவரின் நிதானத்தோடு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "தாத்தா, இது நல்லாவே இல்ல. நீயே தின்னு."

இரண்டு வாக்கியம். வினை சரி, எதிர்மறை சரி, கோபம் சரி. மாடிப்படியில் பாதி இறங்கியிருந்த மீனா அப்படியே நின்றுவிட்டாள். "என்ன சொன்ன? திருப்பிச் சொல்லு தங்கம்" என்றாள். குழந்தை திருப்பிச் சொல்லவில்லை. வாயை இறுக மூடிக்கொண்டாள்.

துப்பிய கீரை என் உள்ளங்கையில் சூடாகக் கிடந்தது. அதைக் கழுவ எழுந்திருக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. அவள் பள்ளிக்கூடம் போக இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.