சேகருக்கு வாங்கிய அத்தர்

என் கணவரிடம் ஓர் ஆணாக நடித்து ஏழு மாதங்கள் பேசினேன். இதுதான் நான் செய்த தவறு. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன்... இனி நீங்கள் என்ன நினைத்தாலும் சரி.

எல்லாம் ஒரு சிரிப்புப் படத்தால் வந்தது. நம்புங்கள்!

வானத்தில் பறக்கும் ஓர் இஸ்திரிக்காரனின் கதை அது. ஊரைக் காப்பாற்றக் கிளம்பும்போதெல்லாம் அவனுடைய ஒரு செருப்பு கழன்று யார் தலையிலாவது விழும். முதல் பாகத்தை நானும் அவரும் சேர்ந்துதான் பார்த்தோம். அவர் துபாயில் ஏசி மெக்கானிக். நான் திருக்காட்டுப்பள்ளியில் எங்கள் மூன்று ஏக்கர் வயலைப் பார்த்துக்கொள்கிறவள். வெள்ளிக்கிழமை மதியம், "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று போனில் எண்ணி, அங்கேயும் இங்கேயும் ஒரே நேரத்தில் படத்தை ஓடவிட்டோம். செருப்பு விழும்போது இருவரும் ஒன்றாகச் சிரித்தோம்.

இரண்டாம் பாகம் வந்தபோது, "லீவுல வர்றேன், சேந்து பாக்கலாம். அதுவரைக்கும் நீயும் பாக்காத" என்றார். சரியென்றேன். முதல் நாளே தஞ்சாவூர் போய்ப் பார்த்தேன்! "களையெடுக்க ஆள் விட்டிருக்கேங்க, போன் எடுக்க முடியாது" என்று அவரிடம் ஒரு பொய். "வெயில்ல நிக்காத வாணி" என்றார். தியேட்டரில் எனக்குக் குளிர்ந்துகொண்டிருந்தது.

ஏன் போனேன்? அவர் லீவை இரண்டு முறை தள்ளிப்போட்டிருந்தார். அந்தக் கோபம்தான்.

இரண்டாம் பாகத்தில் இஸ்திரிக்காரன் உலகத்தையே காப்பாற்றுகிறான். வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. மனைவி வீடியோ காலில் சாம்பார் சாதத்தைக் காட்ட, அவன் பறந்துகொண்டே போனை முகர்ந்து பார்க்கிறான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தப் படத்துக்கென்று முகநூலில் ஒரு ரசிகர் குழு உண்டு. என் கணவர் அதில் பழைய ஆள். அன்று அங்கே ஒரே அமளி. முதல் பாகத்தில் பாதிகூட இல்லை என்றார் ஒருவர். செருப்பு நகைச்சுவை தேய்ந்தே போய்விட்டது என்றார் இன்னொருவர். வில்லன்தான் உண்மையான ஹீரோ என்று ஒரு மேதாவி. சிரிப்புப் படத்தில் லாஜிக் எதற்கு என்று ஒரு நல்ல மனிதர். சொந்தப் பெயரில் எழுதினால் நான் படம் பார்த்தது தெரிந்துவிடுமே... அதனால் பட்டுக்கோட்டையில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் சேகர் என்று இல்லாத ஓர் ஆளாக உள்ளே நுழைந்தேன். "ஊரையெல்லாம் காப்பாற்றுகிறவனுக்கு வீட்டுக்கு வர வழி தெரியாதா? அவள் காத்திருப்பது உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறதா?" என்று கொட்டினேன்.

அரை மணி நேரத்தில் சேகருக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. என் கணவர்!

"சார், நான் இன்னும் படம் பாக்கல. ஆனா அவனுக்கு வர ஆசையில்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. போன தடவ திருச்சி ஏர்போர்ட்டுல என் வீட்டுக்காரியத் திரும்பிப் பாக்காமலே உள்ள போனேன். கோவம்னு நெனச்சிருப்பா. பாத்திருந்தா போயிருக்க மாட்டேன். அந்தப் பயத்துலதான் லீவத் தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கேன்."

ஒன்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் என்னிடம் போனில் சொன்னதெல்லாம் ஒன்றுதான். "நல்லா இருக்கேன்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நான்தான் வாணி என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நிறுத்தினேனா? இல்லை... என்னிடம் சொல்லாததையெல்லாம் சேகரிடம் சொல்கிறாரே என்ற ஆசை என்னை விடவில்லை.

கூத்தும் நடந்தது. எங்கள் கொல்லைத் தென்னையில் வண்டு விழுந்ததற்கு அவர் சேகரிடம் யோசனை கேட்டார். நான் அங்கே இங்கே விசாரித்துப் பதில் எழுதினேன். மறுநாள் போனில், "சேகர் சார் சொன்னாரு, வேப்பங்கொட்டைத் தூளும் மணலும் கலந்து குருத்துல போடு" என்றார். நான் சொன்னதை நானே போய்ச் செய்தேன்.

ஆனால் ஒரு நாள், ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டதாகச் சேகருக்கு எழுதினார். வீட்டில் சொல்லவில்லையாம். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாராம். அன்று வீடியோ காலில் கட்டுப் போட்ட கையைக் கீழே மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஆனால் வாணிக்குத் தெரியக்கூடாதே! "சாப்பிட்டீங்களா?" என்றுதான் கேட்க முடிந்தது. கை எப்படி இருக்கிறது என்று கேட்கும் உரிமை சேகருக்கு இருந்தது, எனக்கு இல்லை. நான் எவ்வளவு பெரிய தப்பில் இறங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

கோடையில் வந்தார். வீட்டு டிவியில் சேர்ந்து படம் பார்த்தோம். செருப்பு விழுவதற்கு முன்பே நான் சிரித்துவிட்டேன்.

"இன்னும் விழவே இல்லியே," என்று திரும்பிப் பார்த்தார். முதல் நாளே பார்த்ததை ஒப்புக்கொண்டேன். "அடிப்பாவி, களையெடுக்கப் போனேன்னியே!" என்று சிரித்தார், அவ்வளவுதான். பாதி பாரம் இறங்கியது. மீதியையும் அப்போதே இறக்கிவிட எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு பெட்டியிலிருந்து ஓர் அத்தர் புட்டியை எடுத்தார். வெல்வெட் உறை போட்டது. "பட்டுக்கோட்டை போயிட்டு வந்துடறேன். சேகரப் பாக்காமப் போனா மனசு கேக்காது. ஊர்ல இல்லேன்னு எழுதியிருக்காரு, மண்டியிலயாவது குடுத்துட்டு வர்றேன்."

பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே போனேன். பஸ் வந்து நின்றது. அவர் படியில் கால் வைக்கும்போது சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க... அங்க யாரும் இல்ல. சேகர் நான்தான்."

பஸ் போய்விட்டது. கையிலிருந்த அத்தர் புட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எல்லாமேவா?"

"எல்லாமே."

"குழாயத் தொறந்துவிட்டு அழுதேன்னு எழுதினேனே... அதையும் நீதான் படிச்சியா?"

தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்து முன்னால் நடந்தார். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நடையில் என் நெஞ்சு அப்படி லேசாகிவிட்டது! ஏழு மாதம் கழித்து ஒரே ஆளாக இருந்தேன். அன்று பசித்துச் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்த நிம்மதி போகவில்லை.

அவர் துபாய் திரும்பி மூன்று மாதமாகிறது. இந்த முறை திருச்சியில் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அத்தரை நான் கேட்டதற்கு மட்டும், "அது சேகருக்கு வாங்குனது. அப்படியே இருக்கட்டும்" என்றார். பீரோவில் உறை பிரிக்காமல் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை ரசிகர் குழுவில் யாரோ சேகரைக் காணோமே என்று கேட்டிருந்தார்கள். "அவர் இப்போ எழுதறதில்ல" என்று என் கணவர் பதில் போட்டிருந்தார். அவருக்கு அந்த நாட்டில் மனம்விட்டுப் பேச இருந்த ஒரே ஆளை நான்தான் இல்லாமல் ஆக்கினேன்... அன்று மதியம் அவர் கூப்பிட்டார். இப்போது எனக்குத்தான் உரிமை இருக்கிறதே, தைரியமாகக் கேட்டேன்.

"கை எப்படிங்க இருக்கு?"

"நல்லா இருக்கேன்," என்றார்.